முதுகை விடுங்கள், பாதத்தைப் பாருங்கள்

குளிர்காலம் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். உண்ணியும் சொறியும் பின்னால் போய், செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லேண்ட், மலமூட், ஹஸ்கி, சமோயெட் என்று அடர்ந்த முடிக்காரர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். இந்த இதழில் முழு இடமும் இந்த நாய்களுக்கே. பூனை வளர்ப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பூனைகள் எப்படியும் வாக்கிங் போவதில்லை.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் பீமன் நியூஃபவுண்ட்லேண்ட் இனம். மூன்று வயது, 60 கிலோ. வெளியே மைனஸ் 8 டிகிரி. சட்டை போடாமல் கூட்டிப் போகிறீர்களே, பாவம் இல்லையா என்று பக்கத்து வீட்டம்மா தினமும் கேட்கிறார். ஸ்வெட்டர் வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். குளிர்வது பக்கத்து வீட்டம்மாவுக்கு. அதைப் பீமன் மேல் ஏற்றிச் சொல்கிறார், நல்ல மனசுதான்.

பீமன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. வெளியே தெரிவது நீளமான, கொஞ்சம் முரட்டுத்தனமான மேல்முடி. அதை விலக்கிப் பார்த்தால் தோலையொட்டி மெத்தென்ற அடிமுடி அடர்ந்திருக்கும். அந்த அடிமுடிக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஈரமும் காற்றும் உள்ளே நுழையாமல் தடுப்பது மேல்முடியின் வேலை. இதன்மேல் இறுக்கமான கம்பளிச் சட்டையை மாட்டினால் அடிமுடி அமுங்கும், உள்ளே இருந்த காற்றும் போய்விடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 60 கிலோ நாய் வேகமாக நடக்கும்போது உள்ளிருந்தே ஏராளமாகச் சூடு கிளம்பும். நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்து அதைத் தணித்துக்கொள்ள நாயால் முடியாது. மூச்சிரைத்துத்தான் தணித்தாக வேண்டும். கொட்டும் பனியில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டு வந்த ஸ்வெட்டர் நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பனி பெய்யும்போது பீமனின் முதுகைப் பாருங்கள். விழுந்த பனி உருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தால், உள்ளே இருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் உருகி ஈரமானால் அங்கே முடி சிக்குப் பிடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். சிக்குப் பிடித்த முடியில் காற்று நிற்காது. காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையின் பின்பக்கத்தில் இது சத்தமில்லாமல் வளரும். சீப்பை மேலோட்டமாக ஓட்டினால் போதாது. வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும்வரை வார வேண்டும். பீமன் அளவுக்கு இது ஒரு மாலை நேரத்தை விழுங்கும் வேலை, தெரியும்.

எனக்குக் கவலை தருவது மைனஸ் 8 டிகிரி அல்ல. பூஜ்யத்துக்கு மேல் 1 டிகிரி, 2 டிகிரி என்று இருந்து, மழையும் பனியும் கலந்து காற்றோடு அடிக்கிறதே, அந்த நாள்தான். அடிமுடி நனைந்துவிட்டால் நாய் தண்ணீரில் முக்கிய கம்பளியைச் சுமந்துகொண்டு நடக்கிறது. வறண்ட மைனஸ் 10 டிகிரியில் ஆனந்தமாகப் புரண்ட அதே நாய் இங்கே நடுங்கும். அப்படிப்பட்ட நாளில் மட்டும், உள்ளே கம்பளி வைக்காத, வயிற்றையும் சேர்த்து மூடும் மெல்லிய மழைக்கோட்டு போடலாம். அறுவை சிகிச்சைக்காக முடி மழித்த நாய், மெலிந்த நாய், தைராய்டு குறைவான நாய், தள்ளாத நாய், இவற்றுக்கெல்லாம் கணக்கு வேறு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் துணி போடுங்கள்.

கேள்வி: ஹஸ்கிக்கு எவ்வளவு குளிரும் ஒன்றும் செய்யாது என்று என் மச்சான் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: மச்சான் பாதி சரி.

நாயின் உடல் சூடு சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. ஹஸ்கிக்கும் அதேதான். 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எந்த இனமானாலும் ஆபத்து தொடங்குகிறது. ஹஸ்கி அந்த எல்லைக்குப் போவதற்கு மற்ற நாய்களைவிட அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அதன் முதுகிலும் பக்கவாட்டிலும் முடி அடர்த்தி. ஆனால் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் தடவிப் பாருங்கள், கிட்டத்தட்ட தோல்தான். ஆண் நாய்க்கு விதைப்பை இன்னும் மோசம். அதனால்தான் பனியில் படுக்கும்போது சுருண்டு, வாலை மூக்கின் மேல் போட்டுக்கொள்கிறது.

1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, மருந்தை நாய் வண்டிகளில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். சுமார் 1,085 கிலோமீட்டர், 20 ஓட்டிகள், ஏறக்குறைய 150 நாய்கள், ஐந்தரை நாள். வழியில் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போனது. அந்த ஓட்டிகளில் சார்லி எவன்ஸ் என்பவர், நாய்களின் தொடை இடுக்கை மூடும் முயல்தோலை எடுத்து வராமல் கிளம்பிவிட்டார். முன்னால் ஓடிய இரண்டு நாய்களும் குட்டை முடி கொண்ட கலப்பினங்கள். இடுக்கு உறைந்து, வழியிலேயே விழுந்து இறந்தன. வண்டி இழுக்கவே பழகிய நாய்களின் கதை இது. இன்றைக்கும் அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் நாய் வண்டிப் பந்தயத்தில், ஒவ்வொரு நாய்க்கும் 8 காலுறைகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஹஸ்கியைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களே அதன் காலுக்கு உறை போடுகிறார்கள். இதை மச்சானிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஹீட்டர் ஓடும் வீட்டில், சோபாவில் படுத்து வளரும் ஹஸ்கியும், வெளியே கொட்டகையில் வளரும் ஹஸ்கியும் பெயரளவில்தான் ஒன்று. உங்களுடையது குளிர் காலம் தொடங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டிப் பழக வேண்டும். திடீரென ஒருநாள் இரண்டு மணி நேரம் மலையேற்றம் என்று கிளம்பக் கூடாது. ஆரோக்கியமான, வளர்ந்த, முடி அடர்ந்த நாய்க்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: காற்றில்லாத வறண்ட நாளில் மைனஸ் 10 டிகிரி வரை வழக்கமான நடை. அதற்குக் கீழே நடையைச் சுருக்குங்கள். மைனஸ் 20 டிகிரியில் காற்றும் அடித்தால் ஒன்றுக்கு, இரண்டுக்கு முடித்துவிட்டு வீடு. இதில் தெர்மாமீட்டரைவிட நாய் சொல்வதுதான் முக்கியம். காலை மாற்றி மாற்றித் தூக்குகிறதா, வேகம் குறைகிறதா, வீட்டுப் பக்கமே திரும்பிப் பார்க்கிறதா, அப்போதே திரும்புங்கள்.

கேள்வி: விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகிவிடுகிறது. நடுவழியில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருக்கிறான். ஷூ வாங்கினால் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நடக்கிறான். என்னதான் செய்வது?

பதில்: முடி அடர்ந்த நாய்களின் நிஜமான குளிர்காலப் பிரச்சினை இதுதான். எல்லோரும் முதுகைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், நாயோ கால் வழியாகத்தான் அவதிப்படுகிறது.

பாதம் ஏன் உறைந்து போவதில்லை என்பதே ஒரு அதிசயம். காலுக்குள் இறங்கும் சூடான ரத்தக் குழாயும், பாதத்திலிருந்து குளிர்ந்து ஏறும் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. ஏறும் ரத்தம் இறங்கும் ரத்தத்திடம் சூட்டை வாங்கிக்கொண்டு உடம்புக்குள் போகிறது. இதனால் பாதம் உறையவும் செய்யாது, உடம்பும் குளிராது. நாயின் பாத மெத்தையில் இந்த அமைப்பு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் விளக்கமாக எழுதினார்கள். ஆக, வெறும் குளிரை உங்கள் பையனின் பாதம் சமாளித்துக்கொள்ளும். அதற்குச் சமாளிக்கத் தெரியாதவை மூன்று: விரலிடுக்குப் பனிக்கட்டி, சாலை உப்பு, கத்தி முனையாக உடைந்த பனிப்பொருக்கு.

பனி ஒட்டுவது நீண்ட முடியில்தான். பாதத்தைத் தலைகீழாகத் திருப்பி, மெத்தைகளுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் முடியை மெத்தையின் மட்டத்துக்கு வெட்டுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். உள்ளே தோண்டி மொட்டையடிக்க வேண்டாம், அந்த முடிக்கும் வேலை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பாதத்துக்கான மெழுகு, கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி, விரலிடுக்கு வரை மெல்லிசாகத் தடவுங்கள். வீட்டுக்குள் தடவிவிட்டு ஓட விட்டால் தரையில் வழுக்கி விழுவான், வாசலில் வைத்துத் தடவுங்கள்.

வழியில் கட்டி பிடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள். முடியோடு தோலும் வரும். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் பாதத்தை மூடி அரை நிமிடம் பிடியுங்கள். கட்டி இளகி வந்துவிடும். 60 கிலோ நாய் நடுத்தெருவில் உங்கள் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும் அந்த அரை நிமிடம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஷூ. ஒட்டகச்சிவிங்கி நடை எல்லா நாய்க்கும் உண்டு, சிரித்துவிட்டு விடாமல் பழக்குங்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு காலுக்கு மட்டும், தின்பண்டம் கொடுத்தபடி. பிறகு நான்குக்கும். வெளியே வந்து நாலு அடி ஓடியதும் ஷூ இருப்பதையே மறந்துவிடுவான். அளவு எடுக்கும்போது நாய் நின்றபடி, அந்தக் காலில் எடை இருக்கும்போது, பாதத்தைத் தாளில் வைத்து வரையுங்கள். படுத்திருக்கும்போது எடுத்த அளவு சின்னதாக வரும். பெரிய இனங்களில் பெரும்பாலும் முன்பாதம் பின்பாதத்தைவிட அகலம், அதனால் இரண்டுக்கும் தனி அளவு. பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். வீடு வந்ததும் கழற்றுங்கள். பின்காலில் கூடுதல் நகம் உள்ள கிரேட் பைரனீஸ் மாதிரி இனமாக இருந்தால், பட்டை அந்த நகத்தின் மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாலையில் கொட்டும் உப்பு நாய்க்குக் கெடுதலா? நடந்து வந்ததும் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: கெடுதல். நக்குவதே எரிகிறது என்பதற்கு அடையாளம். நக்கி விழுங்குவது இரண்டாவது கெடுதல்.

எல்லா உப்பும் ஒன்றல்ல. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அதனால் கடுங்குளிர் இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கலந்து கொட்டுகிறார்கள். கால்சியம் குளோரைடு ஈரம் பட்டுக் கரையும்போது சூட்டைக் கக்கும். விரலிடுக்கில் ஒரு குருணை மாட்டி அங்கேயே கரைந்தால் தோல் வெந்துபோகும். குளிரில் ஏற்கெனவே வறண்டு வெடித்த பாதம் என்றால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் நக்கினால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும். உப்புக் குவியலிலேயே வாய் வைத்து நிறையத் தின்றுவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி, நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அப்படி நடந்தால் கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

தினசரிக்குச் செய்ய வேண்டியது எளிது. வாசலில் அகலமான ஒரு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர். ஒவ்வொரு காலாக முக்கி எடுத்து, விரலிடுக்கு வரை துடையுங்கள். துடைப்பதில் சோம்பல் கூடாது, ஈரமாக விட்டால் இடுக்கில் புண் வரும். பெரிய நாயைக் குளியலறைக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால்தான் குவளை. உப்புத் தண்ணீர் வயிற்று முடியிலும் தெறித்திருக்கும், அதையும் ஈரத் துணியால் துடைக்க மறக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், நாய் இரவெல்லாம் வயிற்றை நக்குகிறது.

உங்கள் வாசலுக்கு நீங்களே வாங்குவதானால் மணல் நல்லது. பனியை உருக்காது, ஆனால் கால் வழுக்காது. செல்லப் பிராணிக்குப் பாதுகாப்பானது என்று எழுதி விற்பவை எரிச்சலைக் குறைக்கும் என்பது சரி. தின்னலாம் என்று அர்த்தமில்லை.

கேள்வி: காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸ் இனிக்குமாமே, நாய் தேடிப் போய் நக்குமாமே?

பதில்: ஆமாம், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கலக்காத நிலையில் நாயின் எடையில் கிலோவுக்கு 4 மில்லிக்குச் சற்று மேலே போனாலே உயிருக்கு ஆபத்து. 50 கிலோ நாய்க்கு அது ஒரு டம்ளர். குட்டி நாய்க்குச் சில கரண்டி.

இதில் மோசமான விஷயம், நடுவில் வரும் ஏமாற்று. முதல் சில மணி நேரம் குடித்தவன் மாதிரி தள்ளாடும், வாந்தி எடுக்கும், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு தெளிந்துவிட்ட மாதிரி தெரியும். சரி, பிழைத்தது என்று வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடுகிறது. மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் குடித்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே வழியில் நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு அடியில், பச்சையோ ஆரஞ்சோ நீலமோ நிறத்தில் குட்டை கண்டால் கயிற்றைக் குறுக்கிப் பிடித்துச் சுற்றிப் போங்கள். நக்கியதோ இல்லையோ என்ற சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் எடை 52 கிலோ. எங்கள் மலமூட் 45 கிலோ. போன வாரம் அணிலைப் பார்த்து இழுத்தது, பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. குளிர் முடியும்வரை வாக்கிங்கை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் மணிக்கட்டை மனித மருத்துவரிடம் காட்டிவிட்டீர்களா? சரி.

நிறுத்தினால் மலமூட் வீட்டுக்குள்ளேயே வாக்கிங் போக ஆரம்பிக்கும், சோபா மேல், கதவு மேல். நிறுத்த வேண்டாம், பிடியை மாற்றுங்கள். குளிர்காலத்தில் பெரிய நாயோடு நடப்பதில் அதிகம் அடிபடுவது நாய் அல்ல, கயிற்றின் மறுமுனையில் இருப்பவர். நாய்க்கு நான்கு கால், தரையில் குத்திக்கொள்ள நகம். உங்களுக்கு இரண்டு கால், ரப்பர் அடி.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், வீக்கம் அதைத்தான் சொல்கிறது. கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மட்டும் மாட்டி, மீதியை மடித்து உள்ளங்கையில் வையுங்கள், விரல்களை மூடுங்கள். இழுவைக்குத் தாங்கும். விழப் போகிறீர்கள் என்றால் கையைத் திறந்தால் போதும், கயிறு விடுபட்டுவிடும். இடுப்பில் கட்டிக்கொள்வதைப் பனித்தரையில் செய்யாதீர்கள். நீண்டு சுருங்கும் தானியங்கிக் கயிறும் வேண்டாம். 45 கிலோ நாய் ஐந்து மீட்டர் ஓடி வேகம் எடுத்த பிறகு அது பூட்டிக்கொள்ளும்போது, முழு உதறலும் உங்கள் தோள் மூட்டில்தான் வந்து விழும். ஒன்றரை, இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு, கையுறையோடு பிடித்தாலும் நழுவாத தடிமனில் இருக்கட்டும்.

மலமூட் இழுப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம். முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸ், அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை, போட்டால், இழு என்று சொன்னதாகவே அது எடுத்துக்கொள்ளும். மார்பில் கொக்கி உள்ள ஹார்னஸ் போடுங்கள். இழுத்தால் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும், இழுவை பாதி வீணாகும். முள் பட்டை, சுருக்குப் பட்டை யோசனைகளோடு யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வழுக்கும் தரையில் நீங்கள் சறுக்கும் ஒவ்வொரு முறையும் அது நாயின் கழுத்தில் போய் விழும்.

ஹார்னஸின் அளவை முடிக்கு மேலே பார்க்காதீர்கள். விரலை முடிக்குள் விட்டு, தோலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து இறுக்கமாகத் தெரிவது உள்ளே தளர்வாக இருக்கும். இந்த நாய்கள் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். நன்றாக வாரிவிட்ட மறுநாள் ஒரு முறை மறுபடி சரிபாருங்கள், அடிமுடி உதிர்ந்த அளவுக்குப் பட்டை தளர்ந்திருக்கும்.

உங்கள் காலுக்கு, ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் உறை கட்டாயம் வாங்குங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுதும் பதிய, சின்னச் சின்ன அடி. கோட்டுப் பையில் கை விட்டபடி நடக்க வேண்டாம். இறக்கத்தில் நாயை முன்னால் விடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணில் மரம் எது என்று உங்களுக்கே தெரியும், அந்த வழியைப் பனி உருகும்வரை மறந்துவிடுங்கள். கயிறு இறுகினால் நிற்பது, தளர்ந்தால் நடப்பது என்ற பாடத்தை வறண்ட தரையில், நீங்கள் உறுதியாக நிற்கக்கூடிய இடத்தில் சொல்லிக்கொடுங்கள். பனியில் வைத்துப் பாடம் நடத்தினால் நீங்கள்தான் கற்றுக்கொள்வீர்கள்.

கேள்வி: உறைந்த ஏரியில் அவிழ்த்துவிட்டால் ஆசை தீர ஓடுவாளே, விடலாமா?

பதில்: விடாதீர்கள். தெளிந்த, கெட்டியான பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஒரு மனிதர் நடந்து போகலாம் என்பார்கள். வெளுத்துப்போன பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான். மேலே பனி மூடியிருந்தால் கீழே கட்டி மெல்லிசாகவே இருக்கும், ஏனென்றால் அந்தப் பனியே குளிரைத் தடுக்கிறது. ஓடை வந்து சேரும் இடம், நாணல் ஓரம், பாலத்தடி, எல்லாம் பலவீனம். உங்கள் பெண்ணுக்கு இது தெரியாது, வாத்தைத்தான் தெரியும்.

தவறி விழுந்துவிட்டால், பின்னால் போகாதீர்கள். நாயைத் தாங்காத கட்டி உங்களைத் தாங்காது. கரையில் நின்று, அது போன வழியிலேயே திரும்பி வரும்படி விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மீட்புப் படையை அழையுங்கள். பல நாய்கள் தாமாகவே ஏறிவிடுகின்றன. பின்னால் போன மனிதர்கள்தான் ஏறுவதில்லை.

கேள்வி: இருட்டில் தெரிய வேண்டும் என்று ஒளிரும் கழுத்துப்பட்டை போட்டேன். எரிகிறதா என்றே தெரியவில்லை!

பதில்: பட்டை முடிக்குள் புதைந்துவிட்டது. விளக்கை ஹார்னஸின் மேலோ கயிற்றிலோ மாட்டுங்கள், அல்லது வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கியைத் தளர்வாகப் போடுங்கள். கறுப்பு நாய், கறுப்புக் கோட்டு, இருட்டு என்று மூன்றும் சேர்ந்து சாலையைக் கடக்க வேண்டாம். உங்களுக்கும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 11 வயது ஜெர்மன் ஷெப்பர்ட். குளிர் வந்தால் எழுந்திருக்கவே யோசிக்கிறார். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை பாதி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் உங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. நாய்க்கென்று மூட்டு வலி மருந்துகள் இருக்கின்றன, பரிசோதித்து எழுதிக்கொடுப்பார்கள். அதற்கு மேல், வெளியே இறங்கும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க வையுங்கள். ஒரு நீண்ட நடைக்குப் பதில் இரண்டு மூன்று குட்டி நடைகள். பின்பக்கம் கைப்பிடி உள்ள ஹார்னஸ் இருந்தால் படியில் தாங்கிப் பிடிக்க உதவும். முடி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் வயசானவருக்கு உள்ளே சூடு உண்டாகும் வேகம் குறைவு, இவருக்குக் கோட்டு போடலாம். எடையையும் பாருங்கள். நடை குறைந்து சாப்பாடு குறையாவிட்டால், அந்த மூட்டுக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை.

கேள்வி: குளிர் என்பதால் சாப்பாட்டைக் கூட்ட வேண்டுமா? பனியைத் தின்கிறதே, தாகம் தீர்ந்துவிடுமா?

பதில்: வெளியே வேலை செய்யும் நாய்க்குக் கூட்டலாம். அரை மணி நேரம் நடந்துவிட்டு ஹீட்டர் பக்கத்தில் படுப்பவருக்கு வேண்டாம். பனி தாகம் தீர்க்காது, சாலையோரப் பனியில் உப்பும் இருக்கும். வீட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: செயின்ட் பெர்னார்ட் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டியிருப்பார்களே, நடந்து வந்ததும் எங்கள் ராஜாவுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால் உடம்பு சூடாகாதா?

பதில்: ஆகாது, குளிரும். சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும், நாய்க்கு அது விஷமும்கூட. அந்தப் பீப்பாய், எட்வின் லேண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820-ல், பதினேழு பதினெட்டு வயதில் வரைந்த படத்தால் பரவியது. ஆல்ப்ஸ் மலை மடத்துத் துறவிகளின் நாய்கள் நிஜத்தில் அதைச் சுமந்ததற்குச் சான்று கிடையாது. பிராந்தியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ராஜாவுக்கு நல்ல துண்டால் துடைப்பு போதும். மேலே தொட்டுப் பார்த்து காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். முடியை விலக்கி, அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஹேர் டிரையர் என்றால் சூடு குறைத்து, தள்ளிப் பிடித்து. குளிப்பாட்டிய நாளில் அடிமுடி முழுசாகக் காயும்வரை வெளியே வேண்டாம்.

கேள்வி: குளிர் நிஜமாகவே தாக்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? வீட்டில் என்ன முதலுதவி?

பதில்: நடுக்கம் முதல் எச்சரிக்கை. நடுங்கிக்கொண்டிருந்த நாய், சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்தி, மந்தமாகி, தடுமாறினால் அதுதான் பயப்பட வேண்டிய கட்டம். ஈறு வெளுத்திருக்கும். காய்ந்த போர்வையில் சுற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் வயிற்றோரத்திலும் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், நெருப்பு அருகே படுக்க வைக்க வேண்டாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.

காது நுனி, வால் நுனி, பாதம், விதைப்பை, இவை வெளுத்து அல்லது நீலம் பாரித்து, கெட்டியாக, சில்லென்று இருந்தால் உறைந்திருக்கிறது. தேய்க்காதீர்கள், உள்ளே நொறுங்கும். 38 முதல் 40 டிகிரி வரையுள்ள தண்ணீரில் மெதுவாக நனைத்து இளக விடுங்கள். மறுபடி குளிரில் போகவேண்டியிருந்தால், இளக்கவே வேண்டாம். இளகி மறுபடி உறைவது இன்னும் கெடுதல். சேதம் எவ்வளவு என்பது சில நாள் கழித்துத்தான் தோல் கறுத்துத் தெரியவரும், அதனால் மறுநாள் நன்றாக இருக்கிறது என்று மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சமோயெட்டுக்கு எதிர்ப் பிரச்சினை. நடை முடிந்தும் உள்ளே வர மாட்டேன் என்கிறது. வாசலிலேயே பனியில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறது. நான் நின்று உறைகிறேன்.

பதில்: முதுகில் பனி உருகாமல் இருக்கிறதா? நடுங்கவில்லையே? வயிறு நனைந்திருக்கவில்லையே? அப்படியென்றால் பத்து நிமிடம் படுக்கட்டும், நீங்கள் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். வேலியிட்ட வாசல் என்றால் மட்டும். வேலி இல்லையென்றால் ஹார்னஸைக் கழற்றாதீர்கள், தின்பண்டப் பையைக் குலுக்கி அழைத்து வாருங்கள். வா வா என்று பத்து முறை கத்தாதீர்கள், பதினொன்றாவது முறைக்குத்தான் வர வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.